ஆமைக்கு முன்கூட்டியே தெரியும்

மல்லாந்து படுத்து, வாயைப் பிளந்து, கழுத்தில் பச்சைத் துணி கட்டிய நிலையில் ஒரு வழக்கை ஏற்றுக்கொண்ட துப்பறிவாளர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார். நம்மவர் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். "ம்ம்" என்றார். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு வேறென்ன சொல்ல முடியும்?

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மச்சினனுக்கு இந்தக் காட்சி பரம திருப்தியாக இருந்தது. அவன் துப்பறிவாளரின் மனைவிக்குத் தம்பி. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்து, முதலாளியிடம் வாய் பேசியே வேலையைத் தொலைத்து, "என் தம்பி பாவங்க" என்று அக்கா சொன்ன ஒரே தகுதியில் உதவியாளனாகச் சேர்ந்தவன். மாமா வாயடைத்துக் கிடப்பதை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும் பாக்கியம் அவனுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

"உங்க மாமா துப்பறியறவர்னு சீட்டுல எழுதியிருக்கே, நிஜமாவா?" என்றார் பல் டாக்டரம்மா, ஊசி போட்டு முடித்து. நாற்பதைத் தாண்டிய, சிரிக்காத முகம். கையில் ட்ரில்.

"நிஜம்தான் டாக்டர். கல்யாண மாப்பிள்ளைங்களைப் பத்தி விசாரிப்பார். இவர் விசாரிச்சு நின்னுபோன கல்யாணத்தை எல்லாம் சேர்த்தா ஒரு மண்டபத்தையே மூடிடலாம்."

"ம்ம்ஹூம்!" என்றார் மாமா.

"மரத்துப் போகட்டும், சும்மா இருங்க சார்" என்று அவரை அடக்கிவிட்டு, டாக்டரம்மா ட்ரில்லும் கையுமாக நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

பகலில் அவர் பல் டாக்டர். சாயங்காலமானால் 'சூறாவளி'. இணையத்தில் ஆடும் கோட்டை பிடிக்கும் ஆட்டத்தில் 'சுண்டெலிப் படை' என்றொரு குழுவை ஆரம்பித்து, இத்தனை வருஷமாக அதற்குத் தலைவியாக இருப்பவர். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். யார் யாருக்கு என்ன பெயர், என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது; எல்லாம் புனைபெயர்தான். கொஞ்ச நாளாக, சரியாக ஆட்டத்தின் உச்சக்கட்டத்தில், சூறாவளியின் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துவிடுகிறது. கோட்டை போகிறது, ஆட்டம் போகிறது, மானம் போகிறது.

"சும்மா இருக்கும்போது அணையுமா?" என்று கேட்டான் மச்சினன். பழைய தொழில் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"மணிக்கணக்கா படம் பார்த்தேன், ஒண்ணும் ஆகல. தோக்கற நேரத்துல மட்டும்தான் சாகும். ராம் மாத்தினேன். பவர் சப்ளை மாத்தினேன். கிராபிக்ஸ் கார்டு மாத்தினேன். மதர்போர்டே மாத்திட்டேன் தம்பி. பழைய கம்ப்யூட்டர்ல மிச்சம் இருக்கறது அந்தத் தகரப் பெட்டி மட்டும்தான். இப்போ வெட்டுக்கிளி என்ன சொல்றான் தெரியுமா..."

ஙீஈஈஈ என்று ட்ரில் காற்றில் அலறியது. துப்பறிவாளரின் கால் கட்டைவிரல் இரண்டும் நட்டுக்கொண்டு நின்றன.

"யாரும்மா வெட்டுக்கிளி?"

"குழுவுல உபதலைவர். நான் எதிரணிக்கு விலை போயிட்டேனாம். வேணும்னே அணைச்சுட்டுப் போறேனாம்." ஙீஈஈஈ. "இன்னைக்குச் சாயங்காலம் இறுதி ஆட்டம். அதுக்கு முன்னாடி ஓட்டெடுப்பு வெச்சிருக்கான். நான் ஆரம்பிச்ச குழுவுல இருந்து என்னையே தூக்கறதுக்கு!" ஙீஈஈஈஈ.

துப்பறிவாளரின் கண்கள் ட்ரில்லைப் பார்த்தன. பிறகு தரையைப் பார்த்தன. மறுபடி ட்ரில்லைப் பார்த்தன. பயத்தில் மனுஷனுக்குக் கண் எங்கெங்கோ அலைகிறது என்று மச்சினன் அனுதாபத்தோடு நினைத்துக்கொண்டான்.

"போனா போகுதுன்னு வேற குழு ஆரம்பிச்சுடுங்களேன்."

டாக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, இந்த நாற்காலியில வந்து உட்கார்ற யாராவது என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்காங்களா? வாயைத் திறப்பாங்க, அவ்வளவுதான். நான் ஒண்ணு சொன்னா நாலு பேர் விழுந்து விழுந்து சிரிக்கிற இடம் உலகத்துலயே அது ஒண்ணுதான்."

மச்சினன் கிண்டலை நிறுத்தினான். இது அபூர்வம். சமாளித்துக்கொள்ள அவருடைய போனை வாங்கி, குழுவின் உறுப்பினர் பட்டியலைத் திறந்து, வரிசையாகப் பெயர் சொன்னான். யார் மேல் சந்தேகம் என்று தெரிய வேண்டாமா? நெருப்புக்கோழி என்றான், ட்ரில் அலறியது. குட்டிச்சாத்தான் என்றான், அலறியது. மொட்டைமாடி என்றான், சின்னதாக ஒரு உறுமல்.

"அப்பாவி ஆமை?"

"அது ஆட்டம் ஆடாது, வேடிக்கை மட்டும் பார்க்கும். பாவம், அதை விடுங்க" என்றார் டாக்டரம்மா. ட்ரில் சத்தமில்லாமல் இருந்தது. "என்ன சார், கேஸை எடுத்துக்கறீங்களா?" என்று ட்ரில்லை வாயருகே கொண்டுவந்தார்.

"ம்ம்" என்றார் துப்பறிவாளர். மேலே சொன்ன ஏற்பு அதுதான்.

நிற்க. அடுத்து அவர்கள் போன இடம், டாக்டரம்மா கம்ப்யூட்டரைக் காட்டிய சர்வீஸ் கடை. அது மச்சினனை வெளியே அனுப்பிய அதே கடையாக இருந்ததை விதியின் விளையாட்டு என்று சொல்லலாம். அந்த வட்டாரத்தில் இருந்ததே ஒரு கடைதான் என்றும் சொல்லலாம்.

"வாடா வா" என்றார் கடைக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "வாய் இன்னும் இருக்கா, இல்ல யாராவது அடைச்சுட்டாங்களா?"

"என் வாய் இருக்கு முதலாளி. இவருக்குத்தான் அடைச்சிருக்காங்க."

துப்பறிவாளர் ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு, "ஹந்த ஹம்ப்யூட்டர் ஹெப்படி ஹெத்துச்சு?" என்றார்.

"அந்தக் கம்ப்யூட்டர் எப்படிச் செத்துச்சுன்னு கேக்கறார். மாமா, நீங்க கஷ்டப்படாதீங்க. நான் மொழிபெயர்க்கறேன். நடுநடுவுல என் சொந்தக் கருத்தையும் சேர்த்துக்கறேன்."

மாமா முறைத்தார். அரை முகத்தால் முறைப்பது அவ்வளவாக எடுபடவில்லை.

கடைக்காரர் மேஜைமேல் திறந்து கிடந்த ஏதோ ஒரு பெட்டிக்குள் ஊதித் தூசி தட்டிவிட்டுச் சொன்னார். "சூட்டுல சாகற மிஷின், சாகறதுக்கு முன்னாடி ஃபேனைச் சுத்தவிட்டு ஊரைக் கூட்டும். ராம் போச்சுன்னா நீலத் திரை போட்டு நாலு வரி புலம்பிட்டுப் போகும். இந்தம்மா மிஷின் புலம்பவே இல்ல. யாரோ விளக்கை அணைச்ச மாதிரி. உள்ளே இருக்கற பதிவுல பார்த்தாலும், கரென்ட் திடீர்னு நின்னுபோச்சுங்கறதைத் தவிர ஒரு குறையும் இல்ல."

"அப்புறம் எதுக்கு மதர்போர்டு வரைக்கும் மாத்தினீங்க?"

"அந்தம்மா மாத்தச் சொன்னாங்க. அவங்க குழுவுல ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லியிருக்காங்க. டாக்டர் சொல்றப்போ நான் மறுத்துப் பேசலாமா?"

"ஹிங்க ஹோடுச்சா?"

"இங்க ஓடுச்சான்னு கேக்கறார்."

"எனக்கே புரிஞ்சுதுப்பா. இங்க ஒரு வாரம் ராப்பகலா ஓடுச்சு. அதுலயே நான் அந்தக் கோட்டை ஆட்டத்தை ஆடிப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு, பொழுது போறதே தெரியல."

"அப்படிப் பொழுது போக்கித்தான் என் கடைசிச் சம்பளத்தையும் மறந்துட்டீங்க போல" என்றான் மச்சினன்.

துப்பறிவாளர் விரலைத் தூக்கினார். அவர் விரலைத் தூக்கினால் உருப்படியாக ஒன்று வரும். வராவிட்டால் அடி வரும். "ஹென்னென்ன ஹொண்டு வந்தாங்க?"

"என்னென்ன கொண்டு வந்தாங்களா? கேபினெட்டைத்தான். எல்லாரும் அப்படித்தானே? பெட்டியை மட்டும் தூக்கிட்டு வருவாங்க. வயரு, மானிட்டரு எல்லாம் வீட்டுலயே கிடக்கும். இங்க என் வயரு, என் பிளக்கு, என் மேஜை."

மச்சினன் தலையில் லேசாகத் தட்டிக்கொண்டான். இத்தனை வருஷம் இதே மேஜையில் உட்கார்ந்து எத்தனை பெட்டிகளைக் குடைந்திருப்பான். பெட்டியோடு வராத பொருளைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. "நோயாளியைத் தூக்கிட்டு வந்துட்டு, நோயை வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்காங்க மாமா. இங்க வந்து படுத்தா உடம்பு நல்லாத்தானே இருக்கும்?"

"ம்ம்" என்றார் மாமா. இந்த 'ம்ம்' பாராட்டு வகையைச் சேர்ந்தது.

அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் மாமா முறைப்படி போகிறவர். ஒரு மாப்பிள்ளையை விசாரிக்கப் போனால் அவன் வளர்த்த நாய் வரை விசாரித்துவிட்டு வருகிறவர். தோற்றுப்போன ஆட்டங்களின் பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னார். கடைக்காரரின் கம்ப்யூட்டரில் மச்சினன் ஓடவிட்டான். திரை முழுக்கக் கோட்டையும் தீயும். இடது மூலையில் குழுவின் அரட்டை. ஆடாமல் வேடிக்கை பார்ப்பவர்களும் போனில் இருந்தபடி அதில் பேசலாம்.

"இவங்க மைக்ல பேசிக்கறதில்லையா?" என்றார் கடைக்காரர்.

"மைக் கொடுத்தா வெட்டுக்கிளி பாட ஆரம்பிச்சுடறாராம். அதனால எல்லாம் டைப் அடிக்கறதுதான்."

திரையில் சூறாவளி கத்தியைச் சுழற்றிக்கொண்டு கோட்டை வாசலுக்கு வந்தார். நின்றார். சிலை மாதிரி நின்றார். எதிரிகள் சுற்றி வளைத்தார்கள். அரட்டையில் 'தலைவி போங்க போங்க' என்றான் குட்டிச்சாத்தான். 'என்ன யோசனை?' என்றான் மொட்டைமாடி. 'ஐயகோ. மறுபடியும் அணைந்துவிட்டதா?' என்றது அப்பாவி ஆமை. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் 'சூறாவளி வெளியேறினார்' என்று ஆட்டம் அறிவித்தது. அதற்கும் அப்புறம் வெட்டுக்கிளி அச்சில் ஏற்ற முடியாத ஒன்றைச் சொன்னான்.

"ஹிறுத்து" என்றார் துப்பறிவாளர்.

நிறுத்தினான்.

"ஹாமை."

"ஆமைக்கு என்ன மாமா?" என்று கேட்டவன், கேட்டு முடிப்பதற்குள் புரிந்துபோய் நிமிர்ந்தான். "முதலாளி, ஒருத்தன் மிஷின் செத்துட்டா ஆட்டத்துக்கு உடனே தெரியாதுல்ல? கொஞ்ச நேரம் பதில் வருதான்னு பார்த்துட்டுத்தான் வெளியேறினார்னு போடும். அது வரைக்கும் பார்க்கறவங்களுக்கு, ஆள் சும்மா நிக்கற மாதிரிதான் இருக்கும்."

"ஆமா. அதான் அவங்கல்லாம் என்ன யோசனைன்னு கேக்கறாங்க."

"ஆமை மட்டும் யோசனைன்னு நினைக்கல. அணைஞ்சதுன்னு அதுக்குத் தெரியும். ஆட்டத்துக்கே தெரியறதுக்கு முன்னாடி தெரியும்!"

இன்னும் இரண்டு ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் அப்படியே. துக்கம் விசாரிக்க ஆமை முதல் ஆளாக வந்து நின்றது. மற்றவர்களுக்குச் சாவுச் செய்தியே எட்டியிருக்கவில்லை. ஆமை குழுவில் சேர்ந்தது எப்போது என்று தேடினான் மச்சினன். டாக்டரம்மா வீட்டுக்குப் பெயின்ட் அடித்த சமயம். கம்ப்யூட்டர் சாக ஆரம்பித்ததும் அதே சமயம்தான் என்று டாக்டரம்மா போனில் உறுதி செய்தார்.

"அந்த வீட்டுல வேற யார் இருக்காங்க?" என்று துப்பறிவாளர் கேட்டார். மரப்பு பாதி இறங்கியிருந்தது.

"புருஷன் மட்டும்தானாம். ஆடிட்டர். வீட்டுல இருந்தே வேலை."

"போலாம் வா மாப்ளே."

ஆடிட்டர் வீடு என்று வாசலிலேயே தெரிந்தது. செருப்புகள் உயர வாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இவர்கள் கழற்றிப் போட்டதையும் ஆடிட்டர் குனிந்து நேராக்கிவிட்டுத்தான் வரவேற்றார். மெலிந்த, பணிவான மனிதர். சட்டையில் மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார்.

கம்ப்யூட்டர் அறையைக் காட்டினார். வெள்ளைச் சுவர், மேஜை, தகரப் பெட்டி. வழக்கமாக ஆட்டக்காரர்களின் மேஜைக்குக் கீழே வயர்கள் கொத்துக் கொத்தாகப் புரண்டு கிடக்கும். இங்கே ஒரு வயர்கூடக் கண்ணில் படவில்லை. மேஜையடியில் ஒரு கால்மிதி, சுவருக்கு இணைகோடாக, அளந்து போட்ட மாதிரி கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை.

"காபி கலக்கறேன்" என்று ஆடிட்டர் உள்ளே போனார்.

"மாமா, பாருங்க" என்று கிசுகிசுத்த மச்சினன் தன் போனை எடுத்தான். காலையிலேயே 'பல்லி' என்ற பெயரில் குழுவில் சேர்ந்திருந்தான். ஆமைக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினான்: 'வணக்கம் ஆமை.'

சமையலறையில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒரு டம்ளர் விழும் சத்தம் கேட்டது.

இருவரும் சமையலறை வாசலில் போய் நின்றார்கள். ஆடிட்டர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார், போன் ஓடிப்போய்விடும் என்பது போல.

"ஆமை சார்" என்றான் மச்சினன், "ஓட்டுக்குள்ளே தலையை இழுத்துக்கிட்டா நாங்க போயிடுவோமா?"

ஆடிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் அணைக்கலைங்க. சத்தியமா அணைக்கல."

"அப்புறம் எப்படி உங்களுக்கு மட்டும் முதல்ல தெரியுது?"

"சுவருக்கு இந்தப் பக்கம்தானே நிக்கறேன். அணைஞ்சதும் 'சனியனே'ன்னு கத்துவா. எனக்குக் கேக்காதா?"



"குழுவுல எதுக்குச் சேர்ந்தீங்க?" என்றார் துப்பறிவாளர், இப்போது ஓரளவு தெளிவாக.

ஆடிட்டர் அடுப்பை அணைத்துவிட்டு, விழுந்த டம்ளரை எடுத்துக் கழுவி, மற்றவற்றோடு வரிசையில் வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "பெயின்ட் அடிச்சப்போ ஒரு வாரம் ஒரே ரூம்ல அடைஞ்சு கிடந்தோம். அவ போனைப் பார்த்துப் பார்த்துச் சிரிச்சா. அப்படி ஒரு சிரிப்பு. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன், அந்தச் சிரிப்புல எனக்கு ஒரு பங்கும் இல்ல. நமக்கு நேர்ல தமாஷா பேச வராதுங்க. எழுத்துல கொஞ்சம் வரும். ஆமை சொன்னா அவ சிரிக்கிறா. சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னா கேக்கும்." துண்டால் கையைத் துடைத்தார். "தயவு செஞ்சு அவகிட்ட சொல்லிடாதீங்க. நான்தான்னு தெரிஞ்சா ஆமையோட பேசறதை நிறுத்திடுவா."

அறைக்குத் திரும்பியதும் மச்சினன், "நம்பாதீங்க மாமா. சிரிப்பு வரைக்கும் வந்துச்சு, பொறாமை வராமலா இருக்கும்? கேஸ் முடிஞ்சது. ஆமையைக் கவுத்துப் போட்டுட்டுக் கிளம்பலாம்" என்றான்.

"சமையலறையில நின்னுக்கிட்டு இந்த மிஷினை மட்டும் எப்படிடா அணைப்பார்? மெயினை அணைச்சிருந்தா விளக்கும் ஃபேனும் சேர்ந்து போயிருக்கும். அந்தம்மா அப்படிச் சொல்லலையே." துப்பறிவாளர் கன்னத்தைத் தடவிக்கொண்டு மேஜையடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர் வரட்டும். உனக்கு ஒரு வேலை வெச்சிருக்கேன். உனக்குப் பொருத்தமான வேலை."

மதியத்துக்கு மேல் டாக்டரம்மா வந்தார். வந்ததும் வராததுமாகப் போனை மேஜைமேல் வீசினார். குழுவில் ஓட்டெடுப்பு தொடங்கிவிட்டிருந்தது. வெட்டுக்கிளிப் பக்கம் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். "இன்னும் ஒருத்தர் போட்டா நான் வெளியே" என்றபோது அவர் குரல் கொஞ்சம் உள்ளே போனது. பல்லைப் பிடுங்குகிற கை, நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தது.

"உட்கார்ந்து சும்மா ஒரு பயிற்சி ஆட்டம் ஆடுங்க டாக்டர்" என்றார் துப்பறிவாளர். சொல்லிவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மேஜைக்குக் கீழே புகுந்து படுத்துவிட்டார். ஆடிட்டர் காபித் தட்டோடு வாசலில் திகைத்து நின்றார்.

ஆட்டம் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. கம்ப்யூட்டர் சமத்துப் பிள்ளையாக ஓடியது.

"மாப்ளே" என்று கீழேயிருந்து குரல் வந்தது, "பேசு."

"எதைப் பத்தி மாமா?"

"வாயைத் திறந்தா எதிராளிக்கு ஆத்திரம் வர்ற மாதிரி பேசுவியே. அதை."

இப்படி ஒரு அனுமதிக்காகத்தான் மச்சினன் பிறந்ததே. டாக்டரம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, தொண்டையைச் செருமினான். "அந்த வாசல்ல போகாதீங்க டாக்டர். தப்பு. ஐயோ, அதுவும் தப்பு. எங்க அக்கா தோசை திருப்பற மாதிரி கத்தியைச் சுத்தறீங்களே. உண்மையைச் சொல்லட்டுமா? வெட்டுக்கிளி தலைவரா வந்தா குழு கொஞ்சம் முன்னேறும்னுதான் எனக்கும் தோணுது."

"என்ன சொன்னே?" டாக்டரம்மாவின் கண் திரையிலேயே இருக்க, பல் கடிபட, உடம்பு முன்னே சாய்ந்தது. எதிரிகள் வாசலில் திரண்டார்கள்.

"நல்லாப் பாடுவாராமே வேற."

திரை கறுத்தது. பெட்டிக்குள் ஃபேன் ஓய்ந்தது.

"சனியனே!" என்று கத்தினார் டாக்டரம்மா. ஆடிட்டரின் கை அனிச்சையாகச் சட்டைப் பைக்குப் போய், பாதியில் நின்றது.

"பிடிச்சாச்சு" என்றது மேஜையடிக் குரல். "டாக்டர், குற்றவாளி உங்க வலது கால்."

தலையில் ஒட்டடையோடு துப்பறிவாளர் வெளியே வந்தார். கையில் கால்மிதி. அது கிடந்த இடத்தில், தரையோடு தரையாக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் கம்ப்யூட்டரின் பிளக் ஒரு பக்கமாகச் சாய்ந்து தளர்ந்திருந்தது.

"காலையில என் வாய்க்கு மேல ட்ரில் கத்தினப்பவே பார்த்தேன். நீங்க அதை ஓட்டணும்னு நினைக்கவே இல்ல. ஆத்திரம் வந்தா உங்க வலது கால் தானா, ட்ரில்லை ஓட்டற பெடலை மிதிக்குது. வருஷக்கணக்கா பல்லைக் குடைஞ்ச கால். அதுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் மிதிக்கறதுதான். ஆட்டம் உச்சத்துக்குப் போனா இங்கயும் பெடலைத் தேடி மிதிச்சிருக்கு. கால்மிதிக்குக் கீழே இந்தத் தளர்ந்த பிளக். அழுத்தினா கரென்ட் போகும், காலை எடுத்தா வந்துடும். மறுபடி போட்டா மிஷின் ஓடும். கடைக்குப் பெட்டி போச்சு. பிளக்கும் போகல, காலும் போகல."

 டாக்டரம்மா தன் வலது காலையே, யாரோ விருந்தாளி கால் என்பது போல, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"என்னங்க, இந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சுவத்துலதானே மாட்டியிருந்துச்சு?"

"பெயின்ட் அடிச்சப்போ கழட்டினாங்க" என்றார் ஆடிட்டர், தட்டில் காபி டம்ளர்களை நேராக்கியபடி. "வயரெல்லாம் அலங்கோலமா கிடந்துச்சு. நான்தான் ஒழுங்கா சேர்த்துக் கட்டி, மேல கால்மிதியைப் போட்டேன்."

"நான் மதர்போர்டு வரைக்கும் மாத்தினேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே. எதையும் மாத்தறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்து ஒரு முறை துடைச்சுப் பார்க்கலாமேன்னு..."

ஆடிட்டர் அங்கேயே நின்றுபோனார். மச்சினன் சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஆலோசனை வீட்டில் சொன்னதல்ல. குழு அரட்டையில் ஆமை சொன்னது. காலையில் அவன் கண்ணாலேயே படித்தது.

டாக்டரம்மா காபியை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். "சர்க்கரை கம்மி" என்றார். அவ்வளவுதான்.

அப்பாடா, கவனிக்கவில்லை என்று மச்சினன் மூச்சு விட்டான்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. பரணில் கிடந்த பழைய க்ளினிக் பெடல் ஒன்றை ஆடிட்டர் தூசி தட்டி எடுத்துவந்தார். அதை எதோடும் இணைக்காமல் டாக்டரம்மாவின் வலது காலுக்கடியில் வைத்தார்கள். கால் பாட்டுக்கு மிதித்துக்கொள்ளட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சுவருக்கு ஏறியது. மச்சினன் மறுபடியும் வெட்டுக்கிளி புராணம் பாடி, கால் பெடலைத் துவைப்பதையும், கம்ப்யூட்டர் அசையாமல் ஓடுவதையும் படம் பிடித்து, பழைய தளர்ந்த பிளக்கையும் காட்டி, குழுவில் போட்டான்.

முதலில் குட்டிச்சாத்தான், 'தலைவி பல் டாக்டரா???' என்றான். நெருப்புக்கோழி, 'எனக்குக் கடவாய்ப் பல்லில் ஒரு சந்தேகம்' என்றான். ஓட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கடைசியில் வெட்டுக்கிளி வந்தான். 

'தலைவி இருக்கட்டும். காலை நீக்க ஓட்டெடுப்பு நடத்தலாமா?'

'காலுக்கும் ஒரு வாய்ப்பு அளிக்கலாம் என்பது என் பணிவான கருத்து' என்றது அப்பாவி ஆமை.

டாக்டரம்மா சிரித்தார். மச்சினன் முதல்முறையாக அந்தச் சிரிப்பைக் கேட்டான். மூக்கால் ஒரு சத்தம், பிறகு தோள் குலுங்க, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொள்கிற சிரிப்பு. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் அது முடிகிறவரை நின்றிருந்தது.

இறுதி ஆட்டத்தைப் பற்றி ஒரே வரியில் சொன்னால் போதும். பெடல் உடைந்தது, கோட்டை கிடைத்தது.

தெருவிளக்கு போட்ட நேரத்தில் மாமனும் மச்சினனும் வீட்டைப் பார்க்க நடந்தார்கள். மாமாவுக்கு மரப்பு முழுக்க இறங்கி, வலி முழுக்க ஏறியிருந்தது. மச்சினன் போனில் வெற்றிக் கொண்டாட்டத்தைப் படித்துக்கொண்டே வந்தான். திடீரென்று நின்றான்.

"போச்சு மாமா. ஆமை உளறிடுச்சு."

ஆமை எழுதியிருந்தது: 'பல்லி அவர்களே, தங்கள் மாமாவின் பல்வலி இப்போது எப்படி இருக்கிறது?'

அதன் கீழே வெட்டுக்கிளி: 'பல்லிக்கு மாமா இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது. அவருக்குப் பல்வலின்னு ஆமைக்கு எப்படித் தெரியும்?'

மச்சினனின் கட்டைவிரல் என்ன பொய் எழுதலாம் என்று திரைமேல் தவித்துக்கொண்டிருந்தபோதே சூறாவளியின் பதில் வந்துவிட்டது.

'நான்தான் சொன்னேன். ஆமைகிட்ட நான் எல்லாம் சொல்வேன்.'

தெருநடுவில் நின்று அதை அவன் இரண்டு முறை படித்தான். "மாமா! அந்தம்மாவுக்குத் தெரியும்! காபி குடிச்சாங்களே, அப்போ கண்டுபிடிச்சிருப்பாங்களோ?"

"அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். காலையில நீ வரிசையா பேர் சொன்னப்போ எல்லா பேருக்கும் ட்ரில் கத்துச்சு. ஆமை பேருக்கு மட்டும் கால் அசையல. என் வாய்க்கு மேல நடந்ததுடா, எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஏன் ஆடிட்டர்கிட்ட சொல்லாம இருக்காங்க?"

"சொன்னா அவர் கூச்சப்பட்டு நிறுத்திடுவார். அப்புறம் அந்தம்மா யாரை நினைச்சுச் சிரிப்பாங்க?" மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணத்துக்கு முன்னாடி விசாரிச்சே பழகிட்டோம். பின்னாடியும் ஒரு தடவை விசாரிச்சுப் பார்க்கணும் போல. நீயும் வாயை மூடிட்டு வா."

போன் மறுபடியும் 'டிங்' என்றது. "மாமா, சூறாவளி உங்களைத்தான் கூப்பிடறாங்க. காலையில இருந்த பதட்டத்துல உங்க பல்லைக் குடையவே இல்லையாம், ஊசியோட அனுப்பிட்டாங்களாம். நாளைக்கு முதல் ஆளா வரச் சொல்றாங்க."

துப்பறிவாளர் நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"வர்றேன்னு போடு" என்றார். "ஆனா நான் அந்த நாற்காலியில படுத்திருக்கற வரைக்கும், ஆமையைப் பத்தி மட்டும்தான் பேசணும்னு போடு."